கப்பலுக்கு மட்டும் திருத்தம்

ரஷீது சாயபுவின் தோல் மண்டியில் இங்கிலீஷ் பேப்பர் வாங்கியது கப்பலுக்காகத்தான். நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள அல்ல. எந்தக் கப்பல் எந்த நாள் வருகிறது, துறைமுகத்தில் எந்த மேடையில் கட்டுகிறது, எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தியாக வரும். அதைக் கேட்காமல் ராயபுரத்தில் எந்த ஏற்றுமதிக்காரரும் வண்டி பூட்டச் சொல்ல மாட்டார். சாயபுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. குமாஸ்தா அப்துல் வஹாப் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைப் படித்துச் சொல்வார். கப்பல் பத்தி முடிந்தால் சாயபுவுக்குப் பேப்பர் வேண்டாம். மீதி உலகமெல்லாம் மண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு.

பகல் சோறு தின்னும் நேரத்தில் எல்லாரும் கிடங்கு வாசலில் வந்து உட்காருவார்கள். தோல் தரம் பிரிக்கிற நீலமேகமும் பஷீரும் ஒரு மூலையில். உப்புக் கூட்டுகிற கெங்கம்மா நடுவில். வண்டிக்காரன் சிலுவைமுத்து நுகத்தடி மேல். இன்னும் ஐந்தாறு பேர். வஹாப் ஒரு வரியை முதலில் இங்கிலீஷில் படிப்பார், பிறகு தமிழில் சொல்வார். இங்கிலீஷ் ஒருவருக்கும் புரியாது. ஆனாலும் அந்த ஓசை காதில் விழாவிட்டால் சேதிக்கு உப்பில்லை என்பாள் கெங்கம்மா.

அந்தப் பேப்பரை மண்டியே நம்பியது. நம்பியதற்குக் காரணமும் கப்பல்தான். பேப்பரில் வந்த கப்பல் கட்டாயம் வந்து நிற்கும். சிலுவைமுத்து வண்டியோடு போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்வான். எப்போதாவது மேடை நம்பர் மாறிவிட்டால் மறுநாளே அதே பத்தியின் அடியில், நேற்று வெளியானது தவறு, வருந்துகிறோம் என்று ஒரு திருத்தம் வரும். வஹாப் அதையும் விடாமல் படிப்பார். ஏதோ தாமே அந்தப் பத்திரிகையை நடத்துகிற மாதிரி அவருக்கு ஒரு பெருமை.

"கப்பல்ல பொய் சொல்லாதவன் மத்ததுல இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறான்?" என்பான் நீலமேகம்.

துறைமுகத்தை அண்டிப் பிழைக்கிறவர்களின் கணக்கு இது. வேறு ஊர்க்காரர்கள் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த நம்பிக்கை ஒரு தடவை வஹாபைக் காப்பாற்றவும் செய்தது. சுதந்திரம் வந்த வருஷம், கொருக்குப்பேட்டைக் குழாயில் துலுக்கர்கள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒரு புரளி கிளம்பி, தடியும் கையுமாக ஒரு கும்பல் மண்டி வாசலுக்கு வந்துவிட்டது. சாயபு உள்ளே கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். கொருக்குப்பேட்டைக்காரனான நீலமேகம் அன்றைய பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். "இத்துல இல்லாத சேதி சேதியே இல்ல. வஹாபு பாய் மொத்தத்தையும் படிச்சுட்டாரு. போங்கடா வூட்டுக்கு" என்றான். அவன் பிடித்திருந்தது தலைகீழாக. ஆனாலும் கும்பல் கலைந்தது. அன்றிலிருந்து, பேப்பரில் வரும்வரை எதையும் நம்பாதே என்று வஹாப் ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது. குற்றம் செய்தவன் முஸ்லிம் என்றால் பேப்பரில் அவன் பேர், அப்பன் பேர், தெரு எல்லாம் வரும். வடக்கே எங்காவது வெட்டுப்பட்டுச் செத்தவன் முஸ்லிம் என்றால், ஒரு வகுப்பைச் சேர்ந்த ஒருவர் என்பதோடு சேதி முடிந்துவிடும். பெரிய பத்திரிகை, கலகம் பரவக்கூடாதென்று நாசூக்காக எழுதுகிறான் என்று அவர் தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டார். அந்த நாசூக்கு குற்றச் சேதியில் ஏன் இல்லை என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் மத்தியானம் அந்தப் பேப்பரை எடுத்துப் பிரிக்கக் கை வந்திருக்காது.

நாற்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஹைதராபாத் நிஜாம் இந்தியாவோடு சேரமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்காக ஆயுதம் தூக்கிய ரஜாக்கர் கூட்டத்தின் பேர்தான் பேப்பர் நிறைய. அந்தக் கோடையில் பஷீர், சாயபு சொன்னதன்பேரில் ஆட்டுத்தோல் வாங்க சிகந்தராபாத் போய்வந்திருந்தான். யாரோ புண்ணியவான் அதைப் போலீசில் போட்டுக்கொடுத்தான். ஒருநாள் பிற்பகல் நாலு போலீஸ்காரர்கள் வந்து பஷீரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிடங்கில் அடுக்கியிருந்த வெள்ளைப் பொடி டின்களையும் வண்டியில் ஏற்றினார்கள். தோலில் பூச்சி விழாமல் தூவுகிற பொடி அது. அதன் நாற்றம் கையில் ஏறினால் சோற்றிலும் வீசும்.

பஷீர் வஹாபின் தங்கை மரியத்துக்கு ஒரே பிள்ளை. புருஷனை இழந்தவள். அவள் அண்ணனிடம் அழவில்லை. "நீ இங்கிலீஷ் படிச்சவன். போய்ப் பேசு அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

வஹாப் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசினார். இன்ஸ்பெக்டர் நாற்காலி கொடுத்து உட்காரவைத்துத்தான் கேட்டார்.

"நீங்க மாமன். முதலாளியும் உங்க ஆளு. நீங்க சொல்றத எழுதினா மேலே சிரிப்பாங்க. வேற ஆளு யாராவது, அந்தப் பொடியைக் கையால தொட்டவன், வந்து சொல்லட்டும். எழுதிக்கறேன். நாளை சாயங்காலம் காகிதம் மேலே போயிடும். அப்புறம் கோர்ட்டு, விசாரணை ஒண்ணும் கிடையாது. எத்தினி மாசம்னாலும் உள்ளதான்."

வஹாப் நேராக நீலமேகத்தின் வீட்டுக்குப் போனார். அவன் முழுதும் கேட்கக்கூட இல்லை.

"இத்தப் போயி கெஞ்சிகினு கீறியே பாய். எத்தினி வருசமா நான் தூவுற பொடி அது. என் கைய மோந்து பாக்கச் சொல்லு அந்த இன்ஸ்பெக்டர. நாளைக்குச் சோறு துன்னுட்டு ரெண்டு பேரும் போயிட்டு வந்துரலாம். பஷீரு என் தோஸ்து."

மரியத்திடம் வந்து அதைச் சொன்னபோது அவள் முதல் தடவையாக அழுதாள்.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. கப்பல் பத்தியைத் தேடிப் பக்கத்தைப் புரட்டியபோதே வஹாப் முதல் பக்கத்தில் பஷீரின் பேரைப் பார்த்துவிட்டார். சாயபுவுக்கு மூன்று கப்பல்களின் பேரைப் படித்துச் சொன்னார். குரல் பிசகவில்லை. சாயபு வண்டி பூட்டச் சொன்னார்.

மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்தது. அந்தச் சேதியைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தார். அதற்குள் மண்டிச் சந்தில்கூட அது பரவியிருந்தது. டீக்கடையில் இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மாற்றிப் படிக்கலாமா? இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வார்த்தையை மாற்றியதில்லை. கடைசியில், உள்ளதை உள்ளபடி படித்துவிடுவது என்று தீர்மானித்தார். பொடியைக் கையால் தூவியவன் நீலமேகம். இந்தப் புளுகைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பான், ஆத்திரம் வந்து ஸ்டேஷனுக்கு முன்னால் நடப்பான் என்று நினைத்தார். மனுஷன் தன் கையைவிட ஒரு காகிதத்தை நம்புவான் என்று யார்தான் நினைப்பார்கள்?

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பஷீரின் இடம் காலியாக இருந்தது.

"பஷீரப் பத்தி இன்னா போட்டுக்கீறான்?" என்றான் நீலமேகம், சோற்றைப் பிசைந்துகொண்டே.

வஹாப் இங்கிலீஷில் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "ராயபுரத்தில் வெடிமருந்து. ரஜாக்கர் ஏஜெண்ட் பிடிபட்டான். ஹைதராபாத்துக்கு அடிக்கடி போய்வருகிற பஷீர் என்கிற முஸ்லிமைப் போலீசார் கைது செய்திருக்கிறார்கள். அவன் வேலை பார்த்த கிடங்கிலிருந்து, குண்டு தயாரிக்கப் பயன்படுகிற பொடி டின் டின்னாகக் கைப்பற்றப்பட்டது. துறைமுகத்தைத் தகர்க்கச் சதி நடந்ததாகத் தெரிகிறது."

ஒருவரும் சிரிக்கவில்லை. கெங்கம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். நீலமேகம் பிசைவதை நிறுத்தி, சோறு ஒட்டிய கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் கையையே முகர்ந்து பார்த்தான்.

"இன்னொரு தபா படி பாய்" என்றான்.

வஹாப் படித்தார்.

"துறைமுகம்னே போட்டுக்கீறானா?"

"போட்டிருக்கான். பொய்யி அது, நீலமேகம். உனக்கே தெரியும் அது இன்னா பொடின்னு."

நீலமேகம் கையில் ஒட்டிய சோற்றை உதறினான். "எனக்கு இன்னா தெரியும்? மேல கீற டின்ன ஒடச்சுத் தூவுனேன். அடி டின்னுல இன்னா இருந்துச்சுன்னு நான் கண்டேனா? அவன்தான் அடுக்குவான்."

"எட்டு வருசம் ஒண்ணா குந்திகினு இருந்தவன்டா."

"அதான் பாய் பேஜாரா கீது. பக்கத்துலயே குந்திகினு இருந்துக்கீறான். ஒண்ணுமே காட்டிக்கலியே."

அந்த வாசலில், அத்தனை பேர் முன்னால், வஹாப் தம்மைவிடச் சின்னவனிடம் கைகூப்பினார். நீலமேகம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே வருத்தம்தான் இருந்தது.

"நீ படிச்சவன் பாய். நீதானே சொன்னே, பேப்பர்ல வர்றதுதான் சேதின்னு. கப்பல் சேதி ஒருநாளாச்சும் பொய்யாப் போச்சா? இப்ப நம்ம வூட்டுப் புள்ளன்ன ஒடனே அது பொய்யின்னா எப்படி?"

வஹாப் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். சிலுவைமுத்துவைப் பார்த்தார். அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுப்பதில் மும்முரமாக இருந்தான். கெங்கம்மா, தான் ஸ்டேஷன் படி மிதிக்கிற பொம்பளை இல்லை என்று யாரும் கேட்காமலே சொன்னாள். சாயங்காலம் காகிதம் மேலே போனது.

நாலைந்து நாளில் ஹைதராபாத் விவகாரமும் முடிந்தது. ராணுவம் உள்ளே போய், நிஜாம் பணிந்தார். மண்ணடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெடி வெடித்தார்கள். ரஷீது சாயபுவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ராயபுரம் முஸ்லிம் வியாபாரிகள் என்றும் தேசத்துக்கு விசுவாசமானவர்கள் என்று ஒரு அறிவிப்பை வஹாபை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, அதே பேப்பரில் கட்டம் கட்டிப் போடவைத்தார். ஒரு எழுத்து குறையாமல் வந்தது. மரியம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நாம எழுதிக் குடுத்தா போடுவானா அண்ணே? அப்ப எம் புள்ள ஒரு தப்பும் செய்யலன்னு எழுதிக் குடேன்."

எழுதினார். தம் பேர் போட்டு, தோலுக்குத் தூவுகிற பொடியைப் பற்றி, ஒரே பிள்ளையைப் பற்றி, தமக்குத் தெரிந்த இங்கிலீஷ் மரியாதையெல்லாம் சேர்த்து ஆசிரியருக்கு எழுதினார். அது வரவே இல்லை. இரண்டாவது தடவை எழுதியதும் வரவில்லை.

தை பிறந்த பிறகு பஷீரை விட்டார்கள். பொடியைச் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் பூச்சி மருந்து என்று எப்போதோ தெரிந்திருந்ததாம். காகிதம் கீழே இறங்கி வரத்தான் தாமதமாம். அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மரியத்துக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. வலது கைவிரல்கள் இரண்டு மடங்க மறுத்தன. ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

மண்டிக்கு வந்தான். சாயபு அவனைப் பார்த்து சலாம் சொன்னார். பிறகு வஹாபைத் தனியே கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல வஹாபு. ஆளுங்க ஒத்துக்கினா இருக்கட்டும். நாலு பேரு எழுந்து போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கும் புள்ளகுட்டி கீது."

ஆட்கள் எழுந்து போகவில்லை. பஷீர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்ததும் நீலமேகம் தன் தோல் கட்டை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். கெங்கம்மாவின் தண்ணீர்ப் பானை இடம் மாறியது. ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வஹாப் நீலமேகத்தைப் பிடித்துக் கேட்டார். "சர்க்காரே வுட்டுட்டான். இன்னும் இன்னா?"

"வுட்டுட்டான், சரி. எத்தினியோ பேர வுடுறான். பேப்பர்ல போடலியே பாய். புட்சப்போ அம்மாம் பெரிசா போட்டவன், தப்புன்னா சொல்லமாட்டானா? கப்பலுக்கே சொல்றான்."

வஹாப் அன்றைக்கே சாயபுவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி டிராம் ஏறி அந்தப் பத்திரிகை ஆபீசுக்குப் போனார். விடுதலை உத்தரவைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். உள்ளே ஒரு உதவி ஆசிரியர், வஹாபின் பாதி வயசு இருக்கும், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உத்தரவைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதில் நிரபராதி என்று இல்லையே, ஐயா. விடுவித்தார்கள் என்றுதான் இருக்கிறது."

"குற்றவாளி என்றும் யாரும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்."

"நாங்கள் சொல்லவில்லை. போலீஸ் கொடுத்ததைப் போட்டோம். அவர்கள் மறுத்து ஏதாவது கொடுத்தால் அதையும் போடுவோம்."

"கப்பலின் மேடை நம்பர் தப்பினால் மறுநாளே திருத்தம் போடுகிறீர்களே?"

அந்த ஆள் சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. "அதைப் போடாவிட்டால் துறைமுகத்திலிருந்து ஆள் வந்துவிடும், ஐயா. ஏற்றுமதிக்காரர்கள் பேப்பரை நிறுத்திவிடுவார்கள்."

வஹாப் எழுந்தார். இத்தனை வருஷமாக அந்தப் பத்தி ஏன் பொய்க்கவில்லை என்பது ஒரு நிமிஷத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. கப்பலுக்காகக் கேட்க ஆள் உண்டு. வாசலுக்கு வந்ததும் அவருக்கு அழுகை வந்தது; நடுத்தெருவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பஷீருக்காக அழுதாரா, இந்தப் பேப்பரை இத்தனை வருஷம் தம் வாயால் வேதமாக்கிக் கொடுத்ததற்காக அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை சாயபுவுக்குக் கப்பல் பத்தியைப் படித்தார். அதன் அடியில் ஒரு திருத்தம் இருந்தது. முந்தின நாள் ஒரு கப்பலுக்கு மேடை நம்பர் தவறாக வெளியாகிவிட்டதாம், வருந்துகிறார்களாம்.

மத்தியானம், வண்டியோடு போயிருந்த சிலுவைமுத்து தவிர எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பஷீர் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். வஹாப் பேப்பரைப் பிரித்து மடித்து, அந்தத் திருத்தத்தின் கீழ் விரலை வைத்தார். கப்பலின் பேரை மட்டும் விட்டுவிட்டு, அந்த நாலு வரியையும் இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"திருத்தம். ராயபுரம் பஷீரைப் பற்றி முன்பு நாம் வெளியிட்ட சேதி தவறு. கிடங்கில் எடுத்தது தோலுக்குப் போடுகிற பூச்சி மருந்துதான் என்று தெரியவந்திருக்கிறது. அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. வருந்துகிறோம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இல்லாததைப் படித்திருக்கிறார். உண்மையைச் சொல்ல அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

நீலமேகம் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். "எங்க போட்டுக்கீறான்?"

வஹாப் விரலைக் காட்டினார். நீலமேகம் அந்தப் பொடி எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் அப்பவே நெனச்சேன் பாய். அது நான் தூவுற பொடியாச்சேன்னு நெனச்சேன்" என்றான். போய்ப் பஷீரின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கையைப் போட்டான். கெங்கம்மா தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். பஷீர் வாங்கிக் குடித்தான். மடங்காத விரல்களால் செம்பைப் பிடிக்க அவனுக்குச் சிரமமாக இருந்தது.

குடித்துவிட்டு அவன் எழுந்து மாமனிடம் வந்தான். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"மாமு, அந்த எடத்த ஒண்டி கிழிச்சுக் குடு. நாளைக்கு ஸ்டேசன்ல கையெழுத்துப் போடச்சொல்ல காட்டணும். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். காட்டுனா வுட்டுடுவாங்க."

வஹாபின் கை பேப்பரை இறுக்கிக்கொண்டது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பஷீர் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு மாமனின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. முகத்தில் வந்த உயிர் வந்த வழியே போவதை வஹாப் கண்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

பின்னால் நீலமேகமும் மற்றவர்களும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலுவைமுத்து அப்போதுதான் வண்டியை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தான்.

பஷீர் குரலைத் தாழ்த்தினான். "சரி மாமு. கிழிக்க வேணாம்" என்றான். "சிலுவமுத்து கேக்கல. அவனுக்காக இன்னொரு வாட்டி படி."

வஹாப் பேப்பரைப் பிரித்து, கப்பல் பத்தியின் அடியில் மறுபடியும் விரலை வைத்தார்.